இடுப்புவலியும் அறுவை மருத்துவமும்

ஆனி மாதம் பிறந்து, மேற்கு மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்திற்கு மக்கள் வந்து குவிகின்றனர். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என எங்கு நோக்கினும் நீராடுவோர் கூட்டம். அக்கூட்டத்தைச் சற்று ஊன்றிக் கவனித்தால் வேறொன்றும் தெரியவரும். தலையை நனைப்பதற்காக அன்றி, இடுப்பையும் முதுகையும் விழும் நீருக்குக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்போர் சிலர் அங்கு எப்போதும் உண்டு. அருவியின் அடி இடுப்புப் பிடிப்பை எடுத்துவிடும் என்பது இப்பகுதியில் வழிவழியாக வரும் நம்பிக்கை. எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் தொழிலும் அந்நம்பிக்கையோடு சேர்ந்தே இவ்வூரில் வளர்ந்தது. அருவிநீர் மாசுபடுவதைத் தடுக்க எண்ணெய்க்கும் சோப்புக்கும் நீதிமன்றம் தடை விதித்த பின்னரும் ஊருக்குள் அத்தொழில் நின்றுவிடவில்லை.

இவர்களுக்கு நேர் எதிர்த்திசையில் பயணம் செய்வோரும் உளர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு, தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் பேருந்து ஏறுபவர்கள். 'டிஸ்க் விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும்' என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருக்கும்.

இவ்விரு கூட்டத்தினரும் பெரும்பாலும் ஒரே வீடுகளிலிருந்து வருபவர்களே. 2019ஆம் ஆண்டு நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய தென்காசிப் பகுதியில் பீடி சுற்றுதல் பல்லாயிரம் குடும்பங்களின் வருவாய்க்கு வழி. தரையில் அமர்ந்து, மடியில் தட்டை வைத்து, கழுத்தும் முதுகும் வளைய நாளொன்றுக்கு 500 முதல் 1,000 பீடி வரை சுற்றும் பெண்களுக்கு இடுப்புவலி புதிய செய்தியன்று. கடையநல்லூர் போன்ற ஊர்களில் தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்து நெய்தவர்களும் அவ்வலியை அறிவர். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் மெய்ஞ்ஞானி பீர் முகம்மது அப்பா அவர்களும் நெசவாளர் என்றே மரபு கூறுகிறது. உடலுழைப்பின் இந்த நோவு நம் ஊர்களில் அத்துணைப் பழமையானது.

வலி வந்ததும் வீட்டில் இரண்டு குரல்கள் எழுகின்றன. 'முதுகில் கத்தி வைத்தால் பிறகு எழுந்து நடக்க முடியாது. எண்ணெய் போட்டுப் பார்' என்பது ஒன்று. 'எத்தனை நாள் இப்படி இழுத்துக்கொண்டிருப்பது? ஆபரேஷன் செய்து முடித்துவிடு' என்பது மற்றொன்று. இரண்டும் மருத்துவ முறையைப் பற்றிப் பேசுகின்றனவேயன்றி நோயைப் பற்றிப் பேசுவதில்லை. வந்திருப்பது எந்த வலி என்பது தெளிவாகாமல் அறுவையா, பிறவா என்று வாதிடுவதில் பொருளில்லை.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றுக்கிடையே மெத்தைபோல் இருப்பது இடைத்தட்டு. மக்கள் வழக்கில் 'டிஸ்க்'. அதன் உள்ளே கூழ் போன்ற பொருளும் அதனைச் சுற்றி உறுதியான நார் வளையமும் உள்ளன. வளையம் பழுதுற்றுக் கூழ் வெளியே பிதுங்கும்போது அருகில் செல்லும் நரம்பு வேரை அது அழுத்தலாம், வீக்கமுறச் செய்யலாம். அப்போது இடுப்பைவிடக் காலில்தான் வலி மிகும். பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் ஓடும். அரபு மருத்துவ நூல்கள் இதனை 'இர்குன்னஸா' என்று பெயரிட்டு விரிவாகப் பேசுகின்றன. இப்னு சீனாவின் 'அல்கானூன்' தலை முதல் கால் வரையிலான நோய்களைக் கூறும் மூன்றாம் பாகத்தில் முதுகுவலியையும் இதனையும் ஆராய்கிறது.

முதுமையில் வருவது வேறொரு வகை. தண்டுவடக் கால்வாய் குறுகிவிடுவதால் சிறிது தொலைவு நடந்ததும் இரு கால்களும் கனத்து மரத்துப்போகும். உட்கார்ந்தால் அல்லது முன்பக்கம் குனிந்தால் சரியாகிவிடும். இவையிரண்டும் இல்லாமல் இடுப்பில் மட்டும் தங்கும் வலிதான் எல்லாவற்றினும் மிகுதி. தசை, மூட்டு, இடைத்தட்டு என்று இதற்கு ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டுவது பெரும்பாலும் இயலாது. இந்த மூன்றையும் 'டிஸ்க்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

அச்சொல் புழக்கத்திற்கு வந்த வரலாறு சுவையானது. 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவர், காலில் ஓடும் அவ்வலிக்குப் பிதுங்கிய இடைத்தட்டே காரணம் என்றும், அதனை அறுத்து அகற்றினால் நோயாளி தேறுகிறார் என்றும் எழுதினர். அதன்பின் உலகெங்கும் இந்த அறுவை பரவியது. அறுவை செய்யாவிடில் என்ன ஆகும் என்பதை முறையாகச் சோதித்துப் பார்க்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. நார்வே நாட்டு மருத்துவர் வெபர், அறுவை தேவையா என்பதில் ஐயமிருந்த 126 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1983இல் முடிவை வெளியிட்டார். ஓராண்டின் இறுதியில் அறுவை செய்துகொண்டவர்கள் மேலான நிலையில் இருந்தனர். நான்காம் ஆண்டில் அவ்வேறுபாடு பெரிதும் சுருங்கியது. பத்தாம் ஆண்டில் வேறுபாடே இல்லை.

இன்னும் தெளிவான விடை 2007இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. 6 முதல் 12 வாரங்களாகக் கடுமையான கால்வலியால் துன்புற்ற 283 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை. மற்றவர்களுக்கு மருந்தும் பொறுத்திருத்தலும், தாங்க இயலாதபோது மட்டும் அறுவை. பொறுத்திருந்தோரில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவை செய்துகொண்டனர்; ஏனையோருக்கு அது தேவைப்படவில்லை. குணமடைய முதற் பிரிவினருக்கு ஏறத்தாழ 4 வாரமும் இரண்டாம் பிரிவினருக்கு 12 வாரமும் ஆயின. ஆனால் ஓராண்டு முடிந்தபோது இரு பிரிவிலுமே 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர்.

இந்த எண்களைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். நரம்பு செயலிழக்கும் அறிகுறி இல்லாத கால்வலியில் அறுவை தருவது பெரும்பாலும் விரைவு. ஓராண்டு கழித்து நோயாளி சென்று சேரும் இடம் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால் அந்த எட்டு வாரங்களின் விலை என்ன? ஓய்வூதியம் பெறும் ஆசிரியருக்கு அது ஒன்று. மூட்டை தூக்கினால் மட்டுமே அன்றைய கூலி கிடைக்கும் தொழிலாளிக்கு வேறொன்று. விடுப்பு முடிந்து இரண்டு மாதத்தில் வளைகுடாவுக்குத் திரும்பாவிட்டால் வேலையே போய்விடும் என்னும் நிலையில் இருப்பவருக்கு இன்னொன்று. ஒரே ஸ்கேன் படம், ஒரே வலி, இருவேறு முடிவுகள். இரண்டுமே சரியானவையாக இருக்கலாம். இவ்விடத்தில் மருத்துவர் தம் விருப்பத்தைத் தீர்ப்பாகச் சொல்லிவிடுவது முறையன்று. எண்களைச் சொல்லி, முடிவை நோயாளியிடம் விடுவதே நேர்மை. அவர் அஞ்சித் தவிர்த்தால் கோழை அல்லர். துணிந்து ஒப்புக்கொண்டால் அவசரக்காரரும் அல்லர்.

பொறுத்திருப்பது வீணான காத்திருப்பு அன்று என்பதற்கு உடலின் உள்ளேயே சான்று உண்டு. பிதுங்கிய இடைத்தட்டை உடல் தானே கரைத்துக்கொள்கிறது. இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரை ஒன்று, நார் வளையத்தை விட்டு முற்றும் கழன்றுவிட்ட துண்டுகளில் 96 விழுக்காடும், வெளியே நீண்டு வந்தவற்றில் 70 விழுக்காடும், சிறிய பிதுக்கங்களில் 41 விழுக்காடும் அறுவையின்றியே சுருங்கியதாகக் காட்டுகிறது. ஸ்கேன் அறிக்கையில் படிப்பதற்கு மிக அச்சமூட்டும் பெரிய பிதுக்கமே கரைவதற்கு மிகுந்த வாய்ப்புள்ளது!

ஸ்கேன் அறிக்கையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மிடையே பல அறுவைகளை முடிவு செய்வது நோயாளியின் காலன்று, அந்த அறிக்கையே. 1994இல் அமெரிக்காவில், வாழ்நாளில் முதுகுவலியால் துன்புறாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஓரிடத்திலாவது இடைத்தட்டு உப்பியிருந்தது. எல்லாத் தட்டுகளும் சீராக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே. நரையைப் போலவும் தோல் சுருக்கத்தைப் போலவும் இதுவும் வயதின் அடையாளம். நரைத்தவர்களை நாம் நோயாளிகள் என்பதில்லை.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் அவர்களும் அவர்தம் குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. முதுகுவலியுடன் வந்தவர்களுள் ஒரு பிரிவினருக்கு அறிக்கையில் உள்ளதை உள்ளபடியே விளக்கினர். மற்றவர்களிடம், இவை வயதிற்கேற்ற இயல்பான மாற்றங்களே, அஞ்சத் தேவையில்லை என்று தேற்றினர். சிகிச்சை ஒன்றே. எனினும் அறிக்கையின் கடுஞ்சொற்களைக் கேட்டவர்கள் தம் முதுகு சிதைந்துவிட்டதாகக் கருதினர். அவர்களது வலி குறைந்ததும் குறைவு, செயல்திறன் தேறியதும் குறைவு. அறுவையையே தொழிலாகக் கொண்டவர்களிடமிருந்து வந்த முடிவு என்பதால் இதன் எடை கூடுகிறது.

அச்சொற்கள் ஒரு மனிதனை எவ்வளவு காலம் கட்டிப்போடக்கூடும் என்பதைப் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் காணலாம். 'இனிக் குனியவே கூடாது' என்று என்றோ கேட்ட ஒரு வாக்கியத்திற்காக, வலி நீங்கிப் பல்லாண்டுகள் ஆன பின்னரும் நாற்காலியில் அமர்ந்தே தொழுவோர் உண்டு. இயலாதவருக்கு மார்க்கம் அளித்த சலுகை ஐயத்திற்கு இடமற்றது. அதைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. மருத்துவ நோக்கில் சொல்வதென்றால், சுமையின்றி மெல்லக் குனிவதும் நிமிர்வதும் தேறிய முதுகைப் பொதுவாகக் கெடுப்பதில்லை. அறிந்த மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு, சிறுகச் சிறுகப் பழகிப் பார்க்கலாம்.

இடுப்பில் மட்டுமே உள்ள நாட்பட்ட வலிக்கு முள்ளெலும்புகளை உலோகத் திருகுகளால் இணைக்கும் அறுவை வேறு செய்தி. 349 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2005இல் வெளியான சோதனையில், அவ்வறுவைக்கும் முறையான தீவிரப் பயிற்சி மருத்துவத்திற்குமிடையே சொல்லத்தக்க வேறுபாடு தெளிவாகப் புலப்படவில்லை. நரம்பு அழுத்தமோ எலும்பு நழுவலோ வேறு தக்க காரணமோ இல்லாமல் வெறும் வலிக்காக இதனைப் பரிந்துரைப்பவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதே என் துணிபு. கால்வாய்க் குறுக்கத்தில் நடக்கும் தொலைவு நாளுக்கு நாள் சுருங்கிப்போன முதியவர்களுக்கு, அழுத்தம் நீக்கும் அறுவை பயன் தருகிறது; எனினும் அந்நோய் மெல்லவே நகர்வதாகையால் எண்ணி முடிவெடுக்க அவகாசம் உண்டு.

அவகாசமே இல்லாத நிலையும் ஒன்றுண்டு. சிறுநீர் வராமல் அடைத்தல் அல்லது அறியாமல் கழிதல், மலம் அடக்க இயலாமை, மறைவிடத்தைச் சுற்றி உணர்வு மரத்துப்போதல், இரு கால்களும் வலுவிழத்தல் ஆகியன தோன்றினால் தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருள். ஓரிரு நாள்களுக்குள் அறுவை செய்யாவிடில் இழந்தவை திரும்பாமற்போகலாம். இத்தகையவரை எண்ணெய்க் கட்டிலில் படுக்கவைப்பது கொடுமை. பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல், செருப்பு நழுவுவது தெரியாமல் நடப்பவரும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெண்கள் சிலர் சிறுநீர் பற்றிய செய்தியைக் கூச்சத்தால் ஆண் மருத்துவரிடம் சொல்லாமல் விடுகின்றனர். உடன் செல்வோர் இதனைக் கேட்டறிந்து சொல்வது கடமை.

இரவில் கூடும் வலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை சேர்ந்து வருமானால் மற்றோர் ஐயம் எழ வேண்டும். அது முதுகெலும்புக் காசநோய். அறுவையா, மருந்தா என்னும் வழக்கில் நம் தமிழகம் உலகிற்கு அளித்த மிகப் பெரிய விடை இந்நோயைப் பற்றியதே ஆகும். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், பின்னாளில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்பெற்றது. நுரையீரல் காசநோயாளியை உறைவிட மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடாக, வீட்டிலிருந்தே மருந்துண்டும் குணப்படுத்தலாம் என்று 1959இலேயே மெய்ப்பித்த நிறுவனம் அது. முள்ளெலும்பை அரித்த காசநோய்க்கு, பழுதுற்ற எலும்பை முன்புறமாக அகற்றி வேறெலும்பைப் பொருத்தும் பேரறுவை உயர்ந்ததாகக் கருதப்பட்ட காலத்தில், அந்நிறுவனத்தார் ஒரு சோதனையை மேற்கொண்டனர். கால் செயலிழக்காத நோயாளிகளை மூன்று பிரிவாக்கினர். முதற் பிரிவினருக்கு அறுவையும் ஆறு மாத மருந்தும்; இரண்டாம் பிரிவினருக்கு ஆறு மாத மருந்து மட்டும்; மூன்றாம் பிரிவினருக்கு ஒன்பது மாத மருந்து மட்டும். மருந்து மட்டும் உண்டவர்கள் படுக்கையில் கிடக்கவில்லை, நடமாடிக்கொண்டே மருந்துண்டனர்.

பத்தாண்டுக்குப் பின் நிலைமை என்ன என்பது 1999இல் வெளியாயிற்று. அறுவைப் பிரிவின் 78 பேரில் 90 விழுக்காட்டினரும், ஆறு மாத மருந்துப் பிரிவின் 78 பேரில் 94 விழுக்காட்டினரும், ஒன்பது மாத மருந்துப் பிரிவின் 79 பேரில் 99 விழுக்காட்டினரும் நலமாக இருந்தனர். கத்தியின்றியே எலும்பு ஆறியது. ஆயினும் ஆய்வாளர்கள் ஒரு விலக்கைக் குறித்து வைத்தனர். பதினைந்து வயதிற்குட்பட்டு, தொடக்கத்திலேயே முதுகு 30 பாகைக்கு மேல் வளைந்திருந்த சிறார்க்கு மருந்து மட்டும் கொடுத்தபோது கூன் கணிசமாக மிகுந்தது. யாருக்கு அறுவை வேண்டாம் என்பதைக் கண்டறிந்த அதே ஆய்வு, யாரை வெறும் மருந்தோடு விட்டுவிடலாகாது என்பதையும் கண்டறிந்தது.

இனிக் குற்றாலத்து எண்ணெய்க்கு வருவோம். அதனை எள்ளி நகையாடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. சித்த மருத்துவம் உடம்பு பிடித்தலைத் தொக்கணம் என்று பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல் முதலாக ஒன்பது வகையாகப் பகுத்து முறைப்படுத்தியுள்ளது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இக்கலையைக் கற்பித்து வருகிறது. உலக நல நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும், உடற்பயிற்சி, நோயைப் பற்றிய தெளிவு ஆகியவற்றோடு உடம்பு பிடித்தலையும் பயன்படக்கூடியவற்றுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. அதே ஆவணம் இடுப்புப் பட்டையையும் எடை கட்டி இழுக்கும் முறையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நம் ஊர்களில் இவையிரண்டுமே தாராளம்.

எண்ணெயும் நீரும் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். சில நாள் வலி குறையும். குறைந்த வலியோடு நடக்கத் துணிவு வரும். அவற்றின் பயன் அவ்வளவே. விலகிய தட்டை அவை உள்ளே தள்ளிவிடுவதில்லை. 'டிஸ்க்கை உள்ளே ஏற்றிவிட்டேன்' என்று யாரேனும் முதுகில் ஏறி மிதித்தால் எழுந்து வந்துவிடுவதே நல்லது. எலும்பு மெலிந்த மூதாட்டிகளும், காசநோய், புற்றுநோய் ஐயமுள்ளவர்களும், காலில் வலுவிழந்தவர்களும் காரணம் தெளிவாகும்முன் அழுத்திப் பிடிக்கவிடக் கூடாது. அருவியின் அடியும் அவர்களுக்கு வேண்டாம். வழுக்குப் பாறையில் ஒரு சறுக்கல் போதும்.

வலி வந்தால் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதும் பழைய எண்ணமே. 1995இல் பின்லாந்தில் நடந்த சோதனையில், படுத்து ஓய்வெடுத்தவர்களைவிடவும், தொடக்கத்திலேயே முதுகுப் பயிற்சி செய்தவர்களைவிடவும், வலி அனுமதித்த அளவில் அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் பீடித் தொழிலாளிக்கு 'முழு ஓய்வு' என்று எழுதிக் கொடுப்பது மருந்துச் சீட்டன்று, கூலி இழப்புச் சீட்டு. அரை மணிக்கொருமுறை எழுந்து நாலடி நடப்பதும், தட்டை மடியிலிருந்து சிறு பலகைக்கு உயர்த்துவதும், சுவரில் முதுகைச் சாய்ப்பதும் அவரால் இயலும். எழுந்து நடக்கும் நிமிடங்களில் குறையும் கட்டுகளுக்கு யார் ஈடு செய்வது என்ற வினாவிற்கு மருத்துவ நூல்களில் விடை இல்லைதான்.

பத்தாம் நூற்றாண்டின் குர்துபாவில், மருந்தால் தீராத இர்குன்னஸாவுக்குச் சூடிடும் முறையை எழுதியவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ. அவர் 'அத்தஸ்ரீஃப்' நூலின் அறுவைப் பகுதிக்கு எழுதிய முன்னுரையில், நோயாளிக்கு நலம் பயக்கும் அறுவை ஒன்று, பெரும்பாலும் ஆபத்தில் முடியும் அறுவை மற்றொன்று என இரண்டாகப் பிரித்து, பின்னதைப் பற்றி மாணவர்களை எச்சரிக்கிறார். இரண்டாம் வகையின் எல்லை இன்று மிகவும் சுருங்கிவிட்டது. நுண்ணோக்கியின் துணையோடு சிறு வெட்டில் பிதுக்கத்தை அகற்றும் அறுவைக்குப் பின் பெரும்பாலோர் மறுநாளே எழுந்து நடக்கின்றனர். 'முடங்கிவிடுவார்' என்ற பழைய அச்சம் இன்று பொருந்தாது. ஆயினும் தொற்று, நரம்புறை கிழிதல் ஆகிய இடர்கள் சிலருக்கு நேர்வதுண்டு. அறுவை செய்துகொண்டோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுக்கம் வருவதாகக் கணக்கிட்டுள்ளனர். காலில் ஓடிய வலி நீங்கினாலும் இடுப்பின் பழைய நோவு மிஞ்சியிருக்கக்கூடும். இதை முன்னரே சொல்லாததால்தான் 'ஆபரேஷன் செய்தும் பயனில்லை' என்ற பேச்சு எழுகிறது.

ஆகவே ஸ்கேன் உறையோடு பேருந்து ஏறுபவர் சில வினாக்களையும் எடுத்துச் செல்லட்டும். அறுவையால் குறையப்போவது கால்வலியா, இடுப்புவலியா? படத்தில் தெரியும் பிதுக்கமும் என் காலில் மரத்துப்போன இடமும் ஒரே நரம்புக்கு உரியவைதாமா? ஆறு வாரம் பொறுத்தால் எனக்கு நேரக்கூடிய கேடு என்ன? அகற்றுவது பிதுக்கத்தை மட்டுமா, திருகுகளும் பொருத்தப்படுமா? இவற்றுக்குப் பொறுமையுடன் விடையளிக்கும் மருத்துவரிடம் முதுகை ஒப்படைக்கலாம். பொறுத்திருப்பது என்று முடிவானால், அந்த ஆறு வாரமும் பயிற்சியோடு கழிய வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதோர் இல்லத்திற்கே இயன்முறை மருத்துவர் வந்து பயிற்சியளிக்க வழி செய்யப்பட்டுள்ளது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.